மருண்ட மீன் என்ன செய்யும்: மதுரையில் கடல்நீர்த் தொட்டி தொடங்குவோருக்கான வழிகாட்டி

கண்மாயில் தூண்டில் போட்டுக் கெளுத்தி பிடித்தவர்களுக்கு அதன் முள்ளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒருமுறை குத்து வாங்கியவர், அந்த மீனை எங்கே பிடிக்க வேண்டும், எங்கே பிடிக்கக் கூடாது என்பதை வாழ்நாள் முழுவதும் மறக்கமாட்டார். பவளப்பாறை மீன்களை வீட்டுக்குக் கொண்டுவருகிறவர்களிடம் அந்த அறிவு பெரும்பாலும் இருப்பதில்லை. நிறத்தைப் பார்த்து வாங்குகிறோம். அந்த மீன் தன்னை எதைக் கொண்டு காத்துக்கொள்கிறது என்பதைத் தொட்டியில் விட்ட பிறகுதான் தெரிந்துகொள்கிறோம். கடலில் ஒரு மீனின் உயிரைக் காக்கும் ஆயுதம், நான்கு கண்ணாடிச் சுவர்களுக்குள் அந்த மீனையும் அதனோடு இருப்பவற்றையும் சில நேரம் நம்மையும் வருத்தும் பொருளாகிவிடுகிறது. மதுரையில் பதினொரு ஆண்டுகளாகக் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவன் என்ற முறையில், புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது பெரும்பாலும் இந்த ஒன்றைப் பற்றியதே.

கடைக்குப் போகும் முன்

ஒவ்வொரு மீனுக்கும் ஒரு தாள் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்று கேள்விகளை எழுதி, விடை கிடைத்த பிறகே பணத்தை எடுங்கள். இந்த மீன் மருண்டால் என்ன செய்யும்? அந்தச் செயல் யாரைப் பாதிக்கும்: மீனையா, அண்டை மீன்களையா, என் கையையா? முழுதாக வளர்ந்தால் இதன் நீளம் எவ்வளவு? கடைகளில் விரல் நீளத்தில் விற்கப்படும் மஞ்சள் பெட்டிமீன் ஓரடிக்கு மேல் வளரக்கூடியது என்பதையும், பந்துபோலத் திரண்டு நீந்தும் அழகான கோடுபோட்ட கடற்கெளுத்திக் குஞ்சுகள் வளர்ந்ததும் தனித்தனியாகப் பிரிந்து நஞ்சு முள்ளோடு வாழும் என்பதையும் இந்தத் தாள்தான் உங்களுக்கு முன்கூட்டியே சொல்லும்.

சட்டமும் இங்கேயே நினைவில் இருக்கட்டும். பாறை உருவாக்கும் பவளங்களும், கடற்குதிரை இனங்களும் 2001-ஆம் ஆண்டிலேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாக்கப்பட்ட உயிர்களுக்கான அட்டவணையில் சேர்க்கப்பட்டுவிட்டன. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைச் சுற்றி அமைந்துள்ள மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா 1986-இல் அறிவிக்கப்பட்டது. அங்கிருந்து வந்த பவளத் துண்டு என்று யாராவது காட்டினால், உயிருள்ளதாயினும் உலர்ந்ததாயினும், வாங்காதீர்கள். தொட்டிக்குள் பாறை அடுக்கப் பீங்கானாலும் சிமெண்டாலும் செய்த செயற்கைக் கற்களே போதும். மீன்களுக்கு வேண்டியது ஒளிந்துகொள்ள இடுக்கு, அவ்வளவுதான்.

மதுரைத் தண்ணீரும் சித்திரை வெயிலும்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது, ஆகவே ஆர்.ஓ. நீரில்தான் உப்பைக் கலக்க வேண்டும். தூத்துக்குடி உப்பளத்துக் கல்லுப்பு இதற்கு உதவாது. அதில் கடல்நீரின் கால்சியமும் மக்னீசியமும் வேண்டிய அளவில் இருப்பதில்லை. கடல்நீர்த் தொட்டிக்கென்று விற்கப்படும் உப்புக் கலவையை லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் வீதம் கரைத்து, ஒப்படர்த்தி (நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.024 முதல் 1.026 வரை இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நீர் ஆவியாகும்போது உப்பு அப்படியே தங்கிவிடுவதால், குறையும் அளவுக்கு நன்னீரை மட்டுமே சேர்க்க வேண்டும். நல்ல பாக்டீரியாக்கள் வடிகட்டியில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். மீன்களுக்கு நஞ்சான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியத்துக்கு வரும்வரை ஒரு மீனையும் விடாதீர்கள்.

வெப்பநிலை 25 முதல் 27 டிகிரிக்குள் நிற்க வேண்டும். வெளியே 40 டிகிரியைத் தொடும் சித்திரை, வைகாசி மாதங்களில் நீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவி இல்லாமல் இது நடக்காது. நீர் சூடானால் அதில் கரையும் ஆக்ஸிஜன் குறையும். மூச்சுத் திணறும் மீன் எளிதில் மருளும். மருண்ட மீன் தன் ஆயுதத்தை எடுக்கும். மின்தடைக்கு மின்கலத்தில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று எப்போதும் தயாராக இருக்கட்டும்.

எந்த மீன் எதைக் கொண்டு தன்னைக் காக்கிறது

பேத்தையிலிருந்து (பஃபர் மீன்) தொடங்குவது சரி, ஏனெனில் புதியவர்கள் அதிகம் விரும்பிக் கேட்பதும், அதிகம் துன்புறுத்துவதும் அதைத்தான். பேத்தைக்கு வேகமில்லை. எதிரி நெருங்கும்போது அது நீரை மளமளவென்று விழுங்கித் தன் இரைப்பையை நிரப்பிக்கொண்டு, யாரும் விழுங்க முடியாத பந்தாக மாறுகிறது. விலா எலும்புகள் இல்லாததாலும், தோல் நன்றாக விரிந்துகொடுப்பதாலும் இது இயல்கிறது. முள் பேத்தையில் இதோடு உடல் முழுவதும் முட்கள் நிமிர்ந்து நிற்கும். பார்ப்பதற்கு வேடிக்கையாக இருப்பதால் கண்ணாடியைத் தட்டியும் வலையால் துரத்தியும் அதை ஊத வைக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஊதிய நிலையில் அந்த மீனின் ஆக்ஸிஜன் தேவை பல மடங்கு உயர்கிறது; பந்து சுருங்கிய பின்னும் அதன் மூச்சு இயல்பு நிலைக்குத் திரும்பச் சில மணி நேரமாகிறது. அது உயிருக்குப் பயந்து எடுக்கும் கடைசி முயற்சி.

அதைவிட ஆபத்தானது, பேத்தையை வலையில் பிடித்து நீருக்கு மேலே தூக்குவது. அப்போது அது நீருக்குப் பதில் காற்றை விழுங்கிவிடும். நீரை வெளியேற்றுவதுபோல் காற்றை எளிதில் வெளியேற்ற அதனால் முடியாது. வயிறு மேலாக மிதந்து, திணறி, இறந்தும் போகலாம். ஆகவே பேத்தையை இடம் மாற்ற வேண்டுமானால் ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பாவைத் தொட்டிக்குள் அமிழ்த்தி, மீனை மெல்ல அதற்குள் ஒதுக்கி, நீரோடு சேர்த்தே தூக்குங்கள். இந்தப் பழக்கத்தை எல்லாப் பாறை மீன்களுக்கும் கைக்கொள்வது நல்லது.

பேத்தையின் உடலில் உள்ள டெட்ரோடோடாக்ஸின் என்ற நஞ்சு, சமைத்தாலும் அழியாதது. அந்த நஞ்சு பாக்டீரியாக்களிடமிருந்து இரையின் வழியாக அதற்குக் கிடைக்கிறது என்பதால், நஞ்சற்ற தீனி போட்டு வளர்க்கப்படும் பேத்தைகளில் அது மிகக் குறைவாகவோ இல்லாமலோ இருக்கும். தொட்டி வைத்திருப்பவருக்கு அந்த நஞ்சைவிட அதன் பற்கள்தான் முக்கியம். கிளியின் அலகுபோல் இணைந்த அந்தப் பற்கள் வளர்ந்துகொண்டே இருக்கும். ஓடுள்ள நத்தை, சிப்பி, தோலுரிக்காத இறால் போன்றவற்றைக் கடித்துத் தேய்க்காவிட்டால் வாயை மூட முடியாத அளவுக்கு நீண்டு, பட்டினி கிடக்க வேண்டியதாகிவிடும். நெல்பேட்டை மீன்கடைகளில் கிடைக்கும் சிறு நண்டும் இறாலும் இதற்குப் போதும்; வாங்கியவுடன் நன்னீரில் கழுவி உறைய வைத்துவிட்டுப் பிறகு கொடுங்கள். விரலை மட்டும் அதன் வாயருகே கொண்டுபோகாதீர்கள்.

பெட்டிமீனைப் பற்றி எழுதும்போது எனக்கு இன்னும் மனம் கனக்கிறது. அறுகோணத் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிய ஓடுதான் அதன் முதல் காப்பு. உடலை வளைக்க முடியாமல் துடுப்புகளை மட்டும் அசைத்து அது நகர்வதைப் பார்த்தால், ஒரு சிறிய பெட்டி தானாக மிதப்பதுபோல் இருக்கும். கொம்புப் பெட்டிமீனுக்கு நெற்றியில் இரண்டு கொம்புகளும் உண்டு. இரண்டாவது காப்பு கண்ணுக்குத் தெரியாதது. கலக்கமுற்றால் அதன் தோலிலிருந்து சோப்பைப்போல் நுரைக்கும் தன்மையுள்ள நஞ்சு கசிகிறது. பாகுடாக்ஸின் என்று அதற்குப் பெயர். பெட்டிமீனைக் குறிக்கும் ஹவாய்ச் சொல்லிலிருந்து வந்தது. திறந்த கடலில் அந்த நஞ்சு ஒரு நொடியில் கலைந்துபோகும், வேட்டையாட வந்த மீன் மட்டும் விலகிப்போகும். மூடிய தொட்டியில் கலைந்துபோக இடமில்லை. என் நான்காம் ஆண்டில், ஏற்கெனவே இடம் பிடித்து வைத்திருந்த ஒரு டேம்செல் மீன் இருக்கும் தொட்டியில் சிறு பெட்டிமீன் ஒன்றை விட்டேன். டேம்செல் அதைத் துரத்தியது. மாலையில் விளக்கைப் போட்டபோது ஆறு மீன்கள் இறந்திருந்தன, பெட்டிமீனும் அவற்றில் ஒன்று. நீரின்மேல் மெல்லிய நுரை படர்ந்திருந்ததை நான் அன்று கவனித்தும் புரிந்துகொள்ளவில்லை.

ஆகவே முதல் ஐந்து ஆண்டுகளுக்குப் பெட்டிமீன் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பிறகும் வைக்க விரும்பினால், துரத்தும் மீன் எதுவும் இல்லாத பெரிய தொட்டியில், அதை முதல் மீனாக விடுங்கள். கடையிலிருந்து வந்த பையின் நீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். கரித்தூள் வடிகட்டியும், தயாராகக் கலக்கிய உப்புநீரும் கைவசம் இருக்கட்டும். நுரையைப் பார்த்ததும் பெட்டிமீனை டப்பாவில் எடுத்துத் தனி வாளிக்கு மாற்றிவிட்டு, தொட்டி நீரின் பெரும்பகுதியை மாற்றுங்கள்.

சிங்கமீன் இதற்கு நேர்மாறானது. அது மருள்வதே அரிது. முதுகில் 13, அடித்துடுப்புகளில் 2, குதத்துடுப்பில் 3 என 18 நஞ்சு முட்களைச் சுமந்துகொண்டு, எதற்கும் விலகாமல் மிதக்கும். விசிறிபோல் விரியும் பக்கத் துடுப்புகளில் நஞ்சு கிடையாது; அவை இரையை மூலையில் ஒதுக்கப் பயன்படுபவை. ஓடுவதற்குப் பதில் தலையைத் தாழ்த்தி முதுகு முட்களை உங்கள் பக்கம் திருப்பினால், அது உங்கள் கையை எச்சரிக்கிறது என்று பொருள். தொட்டியைக் கழுவும்போது பெரும்பாலும் குத்துப்படுவது, மீன் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் பாறைக்குப் பின்னால் கையை விடுகிறவர்கள்தான். கை வைக்கும் முன் மீனைக் கண்ணால் பாருங்கள்; இடையில் ஒரு கண்ணாடித் தடுப்பை வைத்துவிட்டுப் பிறகு வேலையைத் தொடங்குங்கள். அதன் வாயில் நுழையக்கூடிய எந்த மீனும் அதற்கு இரைதான் என்பதால், சிறு மீன்களோடு அதைச் சேர்க்காதீர்கள். அதற்கு உறவான கல்மீனை எந்த நிலையிலும் வாங்க வேண்டாம். கல்லிலிருந்து பிரித்தறிய முடியாத அந்த உடலின் முதுகு முட்களில் உள்ள நஞ்சு உயிருக்கே ஆபத்தானது.

நம் கடற்கரையில் உணவாகும் ஓராவுக்கும் முதுகில் 13, குதத்துடுப்பில் 7, அடித்துடுப்புகளில் 4 என நஞ்சு முட்கள் உண்டு. தொட்டிகளில் வைக்கப்படும் மஞ்சள் நரிமுக ஓராவும் அதே இனத்ததுதான். இதன் குத்து சிங்கமீனின் குத்தளவு கடுமையில்லாவிட்டாலும், பல மணி நேரம் வலிக்கும்.

அறுவை மீனின் வாலடியில் இருபுறமும் கத்திபோன்ற முள் ஒன்று பள்ளத்தில் மடிந்து கிடக்கும். வாலை வீசும்போது அது வெளியே நிமிர்ந்து, எதிரியின் விலாவைக் கீறிவிடும். வலையில் இந்த மீனைப் பிடித்தால் கத்தி கண்ணியில் சிக்கிக்கொள்ளும். ஒருமுறை அப்படிச் சிக்கிய நீலப்பொடி அறுவை மீனை விடுவிக்க, நீருக்குள்ளேயே வலையைக் கத்தரிக்கோலால் வெட்ட வேண்டியிருந்தது. கிளாத்தியின் காப்பு வேறு விதமானது: பாறை இடுக்குக்குள் புகுந்து முதுகின் முதல் முள்ளை நிமிர்த்தும், சிறிய இரண்டாம் முள் அதற்கு அடியில் தாழ்ப்பாள்போல் விழுந்து பூட்டிக்கொள்ளும். முதல் முள்ளை எவ்வளவு அழுத்தினாலும் மடங்காது, இரண்டாவதை அழுத்தினால்தான் மடங்கும். இடுக்கில் பூட்டிக்கொண்ட கிளாத்தியை இழுக்காதீர்கள். விளக்கை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் விலகியிருந்தால், தானாகவே வெளியே வரும்.

இத்தனையும் படித்துவிட்டுத் தயங்குகிறவர்களுக்கு நான் பரிந்துரைப்பது கோமாளி மீனைத்தான். கடற்சாமந்தி என்னும் பூவைப் போன்ற கடல் விலங்கின் கொட்டும் கைகளுக்கிடையே வாழ்வதுதான் அதன் காப்பு. அதன் உடலைப் போர்த்திய சளிப்படலம் அந்தக் கொட்டலிலிருந்து அதைக் காக்கிறது. தொட்டியில் வேட்டையாடும் மீன் இல்லாதபோது சாமந்தி தேவையில்லை. வலுவான ஒளியும் பழகிய நீரும் வேண்டும் அந்த உயிரைப் புதியவர்கள் பெரும்பாலும் சாகடித்துவிடுகிறார்கள். சிறிய கோமாளிகள் இரண்டை வாங்கி விட்டால், பெரியது பெண்ணாகவும் சிறியது ஆணாகவும் மாறி இணைந்துவிடும். மூன்றாவதைச் சேர்த்தால் அடித்துக் கொன்றுவிடும். பண்ணையில் பொரித்த குஞ்சுகளையே கேட்டு வாங்குங்கள். இந்த மீன்களைப் பொரிப்பிக்கும் நுட்பம் நம் நாட்டில் மண்டபத்திலும் பரங்கிப்பேட்டையிலும் உள்ள கடல் ஆய்வு மையங்களில் பல ஆண்டுகளுக்கு முன்பே கைவந்ததுதான், ஆகவே கடலில் பிடித்த மீனை வாங்கத் தேவையே இல்லை.

வீட்டுக்குக் கொண்டுவரும் நாள்

அதிகாலையிலோ இரவிலோ கொண்டுவாருங்கள். பகல் வெயிலில் ஒரு மணி நேரம் பைக்குள் கிடக்கும் மீன் பாதி உயிரோடுதான் வந்து சேரும். தெர்மோகோல் பெட்டிக்குள் வைத்து, ஒரு பைக்கு ஒரு மீன் என்று பிரித்துக் கட்டச் சொல்லுங்கள். முள்ளுள்ள மீனுக்கு இரட்டைப் பை வேண்டும். வீட்டில் தொட்டி விளக்கை அணைத்துவிட்டு, கட்டிய பையை இருபது நிமிடம் நீரில் மிதக்க விடுங்கள். பிறகு தொட்டி நீரைச் சிறு குழாய் வழியே சொட்டுச் சொட்டாகச் சேர்த்துப் பழக்கி, டப்பாவால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். முடிந்தால் நான்கு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பாருங்கள். அங்கே மருந்து தேவைப்பட்டால், செதிலற்ற பேத்தைக்குத் தாமிர மருந்து ஆகாது என்பதை மறவாதீர்கள்.

சாதுவான மீன்கள் முதலிலும், இடத்துக்குச் சண்டையிடும் மீன்கள் கடைசியிலும் நுழைய வேண்டும். பழைய மீன் புதியதை விடாமல் துரத்தினால், பாறைகளின் அடுக்கை மாற்றி வைத்துப் பாருங்கள். காவல் காத்த இடமே மாறிவிடுவதால் அதன் சினம் பெரும்பாலும் அடங்கிவிடும்.

முதல் இரவில் அஞ்ச வேண்டாம்

விளக்கை அணைத்த பிறகு பாறை மீன்கள் வேறு உயிர்களாக மாறிவிடும். ராஸ் என்னும் பாறை மீன் வகைகளில் பல மணலுக்குள் முழுதாகப் புதைந்துகொள்ளும். புதியவர்கள் மீன் காணாமல் போய்விட்டதென்று மணலைக் கிளறுகிறார்கள். ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்காவது மென்மையான மணலைப் பரப்பி, அதை அப்படியே விட்டுவிடுங்கள். நரிமுக ஓராவின் மஞ்சள் மங்கி, உடலெங்கும் கறுப்புத் திட்டுகள் தோன்றும். அது நோயன்று, உறங்கும் உருமறைப்பு. கடலில் சில கிளிமீன்கள் தம்மைச் சுற்றிச் சளியால் ஒரு கூடு கட்டிக்கொண்டு உறங்குகின்றன. இரவில் இரத்தம் உறிஞ்ச வரும் சிறு ஒட்டுண்ணிகளை அந்தக் கூடு தடுக்கிறது என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ராஸ் இனங்கள் சிலவும் அப்படிச் செய்வதால், காலையில் மணல்மேல் கண்ணாடித்தாள்போல் எதுவும் கிடந்தால் பதற வேண்டாம். நள்ளிரவில் திடீரென்று விளக்கைப் போடுவதுதான் தவறு. திடுக்கிட்ட ராஸ் மேலே பாய்ந்து தரையில் விழும், ஆகவே தொட்டிக்குக் கண்ணி நெருக்கமான வலைமூடி கட்டாயம் வேண்டும்.

கையில் குத்துப்பட்டால்

சிங்கமீன், ஓரா, கடற்கெளுத்தி ஆகியவற்றின் நஞ்சு புரதத்தாலானது, வெப்பத்தில் வலுவிழக்கும். கையை வெளியே எடுத்து, வெளியே தெரியும் முள் துண்டுகளை நீக்கிக் கழுவிவிட்டு, பொறுக்கக்கூடிய சூட்டில் உள்ள வெந்நீரில் 30 முதல் 90 நிமிடம் அமிழ்த்துங்கள். நீர் 45 டிகிரியைத் தாண்டக் கூடாது. குத்துப்பட்ட கை மரத்துப்போயிருக்கும் என்பதால், சூட்டை மற்றொரு கையாலோ வெப்பமானியாலோ பார்க்க வேண்டும்; இல்லாவிட்டால் நஞ்சோடு தீப்புண்ணும் சேரும். காயத்தைக் கீறவோ, வாயால் உறிஞ்சவோ, கயிறு கட்டவோ கூடாது. வலி தணிந்தாலும் மருத்துவரைப் பார்த்து டெட்டனஸ் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்தால் வெந்நீருக்காகக் காத்திராமல் 108-ஐ அழைத்து, மருத்துவமனையில் குத்திய மீனின் பெயரைத் தெளிவாகச் சொல்லுங்கள். சிங்கமீன் நஞ்சுக்கென்று தனி முறிவு மருந்து கிடையாது. அறிகுறிகளுக்கு ஏற்பத்தான் மருத்துவம் செய்வார்கள். தனியாக வீட்டில் இருக்கும்போது நஞ்சு முள் மீன்கள் உள்ள தொட்டிக்குள் கையை விடாமலிருப்பது என் வீட்டில் எழுதாத சட்டம்.

வைத்திருக்க முடியாமல் போனால்

மீன் பெரிதாகிவிடலாம், வீடு மாறலாம், செலவு தாங்காமல் போகலாம். அப்போது அதை மண்டபத்துக்கோ இராமேசுவரத்துக்கோ கொண்டுபோய்க் கடலில் விடும் எண்ணம் பலருக்கு எழுகிறது. அது கருணையாகத் தோன்றினாலும் செய்யக் கூடாதது. தொட்டியின் நோய்கள் அந்த மீனோடு சேர்ந்து கடலுக்குப் போகும். இந்திய, பசிபிக் பெருங்கடல்களுக்கு உரிய சிங்கமீன் 1985-இல் அமெரிக்காவின் புளோரிடா கடலில் தென்பட்டது. தொட்டிகளிலிருந்து விடப்பட்ட மீன்களே அதற்குக் காரணமென்று கருதப்படுகிறது. அந்த முட்களை அறியாத அட்லாண்டிக் மீன்களிடையே அது பெருகி, கரீபியன் முழுவதும் பரவிவிட்டது.

வாங்கிய கடையிடமோ, பெரிய தொட்டி வைத்திருக்கும் வேறொருவரிடமோ ஒப்படையுங்கள். முதல் நாள் எழுதிய தாளைத் தேடியெடுத்து, அது உண்ணும் தீனி, ஒளியும் இடம், எதைக் கண்டு மருள்கிறது என்பவற்றையும் சேர்த்தெழுதி, மீனிருக்கும் டப்பாவின் மூடியில் ஒட்டிக் கொடுத்தனுப்புங்கள்.